மூணு நாற்காலி தள்ளி

1

நான் பந்தாட்டம் பாக்கப் போறேன்னு சொன்னா நம்ம ஊர்ல ஒருத்தரும் நம்ப மாட்டாக. போன வாரம் எங்க வீட்டு அவுகளோட அக்கா, பேச்சியம்மா மதினி, சங்கரன்கோவில்ல இருந்து போன்ல கேட்டாக.

"ஏட்டி, அறுபத்தெட்டு வயசுல பயலுவ பந்து ஒதைக்கதப் பாக்கவா பிளேன் ஏறிப் போன? அங்கன கோயில் குளம் கிடையாதா?"

"குளம் இருக்கு மதினி. திரும்புன பக்கமெல்லாம் குளந்தான். கோயில்தான் இல்லை."

"அதுக்கு?"

"அதுக்குப் பந்தாட்டம்."

சிரிச்சாக. பக்கத்துல யார்ட்டயோ சொல்லிச் சொல்லிச் சிரிக்கதும் கேட்டுச்சு. எனக்குக் கோவம் வந்து போனை வச்சிட்டேன். அப்புறந்தான் தோணுச்சு, சிரிக்கவுகளுக்கு ஒழுங்காச் சொன்னாத்தானே தெரியும். அதான் எழுதுதேன். நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. எழுத்து கோணும். கோணட்டும். மருமக திருத்தித் தாரேன்னா. வேண்டாம்னுட்டேன்.

இங்கன நான் இருக்கது பின்லாந்து தேசத்துல ஒரு சின்ன ஊர். மகன் சங்கர் இங்கன கம்ப்யூட்டர் வேலை பாக்கான். எங்க வீட்டு அவுக போனதுல இருந்து வருசா வருசம் என்னைக் கூட்டிட்டு வாரான். ஆனா தொண்ணூறு நாள்தான். தாயைக் கூட வச்சுக்கிடணும்னு அவனும் என்னென்னமோ மனு போட்டுப் பாத்தான். எல்லாத்துக்கும் நல்ல மரியாதையாப் பதில் எழுதி, இல்லைன்னு சொல்லிட்டாக. அதனால கோடைக்கு வாரது, தொண்ணூறு நாள் இருக்கது, போறது. ஒரு நாள் கூடுனா மறுவருசம் கதவு திறக்காதுன்னு சங்கர் சொல்லுவான். பந்தாட்டம் ஏப்ரல்ல தொடங்கி அக்டோபர்ல முடியும். நான் தொடக்கமும் பாத்ததில்லை, முடிவும் பாத்ததில்லை. நடுவுல மட்டும் பாக்கேன்.

இன்னைக்கு எண்பதாவது நாள். நான் கிளம்புததுக்குள்ள இன்னும் ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. அந்த ஆட்டத்துல என் பக்கத்து நாற்காலியில ஒரு ஆள் வந்து உக்காருவாளா மாட்டாளா, அதுதான் ரெண்டு நாளா என் மண்டைக்குள்ள ஓடுது. வேற ஒண்ணும் இல்லை.

2

எங்க வீடு தறி வீடு. ஆறு விசைத்தறி. வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து அந்தச் சத்தத்துக்குள்ளதான் சமைச்சேன், பிள்ளை பெத்தேன், சண்டை போட்டேன். தறி ஓடயில பேசணும்னா தொண்டையத் திறந்து பேசணும். வெளிய வந்தாலும் அந்தக் குரல் குறையாது. சங்கரன்கோவில்ல தறிக்காரத் தெருவுல யாரும் மெல்லப் பேச மாட்டாக. பேசுனா என்னமோ களவு பேசுதாகன்னு அர்த்தம்.

இங்கன நாலு மாடி வீட்டுல மூணாவது மாடி. கீழ் வீட்டுல ஸ்பூன் விழுந்தா நமக்குக் கேக்கும். முதல் வருசம் நான் வந்து ஒரு வாரத்துல படிக்கட்டுக் கதவுல ஒரு தாள் ஒட்டியிருந்தாக.

"என்னட்டி எழுதியிருக்கு?"ன்னு மருமக கவிதாட்ட கேட்டேன்.

"பொதுவா ஒட்டுவாங்க அத்தை. சத்தம் போடாதீங்கன்னு. நம்மளை இல்ல."

நான் வாரதுக்கு முன்ன அந்தத் தாள் இருந்துச்சான்னு நான் கேக்கலை. அவளும் சொல்லலை. அன்னையில இருந்து வீட்டுக்குள்ள நான் பேசுதது எனக்கே கேக்காது. சங்கரும் கவிதாவும் எட்டு மணிக்கு வேலைக்குப் போயிருவாக. பேத்தி நிலாவுக்குப் பதினொரு வயசு. லீவுல சிநேகிதப் பிள்ளைகளோட சைக்கிள்ல போவா. சாயந்தரம் வருத வரைக்கும் வீட்டுல நானும் குளிர்சாதனப் பெட்டியும். அது அப்பப்ப உறுமும். அதோட சரி.

மூணு வருசத்துக்கு முன்ன ஆடி மாசம். ஊர்ல தபசுக்குக் கொடி ஏறியாச்சு. நம்ம ஊர்க்காரிக்குச் சொல்ல வேண்டியதில்லை, மத்தவுகளுக்காகச் சொல்லுதேன். கோமதி அம்மை ஒத்தைக் கால்ல நின்னு தவம் இருக்கா. கொடி ஏறுன நாள்ல இருந்து தபசு வரைக்கும் கோயிலைச் சுத்தி வருவோம். அம்மை கால் வலிக்கும்லா, நாம நடந்தா அந்த வலியில கொஞ்சம் நம்ம கால் வாங்கிக்கிடும்னு. நூத்தியோரு சுத்து நான் கல்யாணமான வருசத்துல இருந்து ஒரு வருசமும் விட்டதில்லை. இங்கன எதைச் சுத்த?

வீட்டுல இருந்து பாத்தா ஒரு பந்து மைதானம் தெரியும். அதைச் சுத்தி ஆள் நடக்க ஒரு பாதை. யாரும் நடக்கலாம்னு சங்கர் சொன்னான். இதுக்குள்ள அம்மை இல்லைன்னு எவன் கண்டான்? ஒரு நாளைக்குப் பத்துச் சுத்து, கடைசி நாள் பதினொண்ணு. பத்துப் புளியமுத்தை ஒரு கையில வச்சுக்கிட்டு, சுத்துக்கு ஒண்ணா மறுகைக்கு மாத்திக்கிட்டு நடந்தேன். உள்ள மஞ்சள் சட்டை போட்ட பயலுவ பந்து பழகிக்கிட்டு இருந்தானுவ. ஆடி மாசத்துல மஞ்சள் உடுத்துனவனுவளைப் பாத்ததும் எனக்கு மனசு ஒட்டிப் போச்சு.

ஏழாம் நாள் நான் போகயில வாசல்ல மேசை போட்டு ஆள் உக்காந்திருந்தாக. அன்னைக்கு ஆட்டமாம். எனக்கு எங்க தெரியும்? கையில புளியமுத்தோட நான் பாட்டுக்கு உள்ள போய் சுத்த ஆரம்பிச்சிட்டேன். ரெண்டாவது சுத்துல ஆரஞ்சு மேல்சட்டை போட்ட ஒரு பொம்பளை எதிர்ல வந்து நின்னா. என் வயசு இருக்கும். வெள்ளை முடி, ஒட்ட வெட்டுனது. அதட்டலை, தொடலை. கையைக் காட்டி முன்னால நடந்தா. பின்னாலயே போனேன். முதல் வரிசையில ஒரு நாற்காலியக் காட்டுனா. உக்காந்தேன். ஆட்டம் தொடங்குனதும் அவளும் மேல்சட்டையக் கழத்திட்டு அதே வரிசையில வந்து உக்காந்தா. எனக்கு மூணு நாற்காலி தள்ளி.

அவ பேரு ரீத்தா.

பாக்கிச் சுத்தை அன்னைக்குச் சுத்தலை. மறுநாள் சேத்துச் சுத்துனேன். ஆனா ஆட்டத்தை விட மனசு வரலை.

3

இந்தத் தேசத்துல ஆள் பக்கத்துல ஆள் உக்கார மாட்டாக. பஸ்ஸுக்கு நிக்கதுன்னாலும் நடுவுல ஒரு மாடு கட்டலாம். மைதானத்துல நாலு வரிசை. எரநூறு பேரு வந்தா கூட்டம். அவனவனுக்கு ஒரு இடம், அவனவனுக்கு நடுவுல காலி நாற்காலி. வெறுப்பு இல்லை, அது அடுத்த ஆளுக்கு மரியாதைன்னு நிலா சொன்னா. இருக்கட்டும். நம்ம ஊர் பஸ்ஸுல மூணு பேரு சீட்டுல அஞ்சு பேரு உக்காந்து, மடியில அடுத்தவ பிள்ளைய வச்சிருந்தவளுக்கு அந்த மரியாதை குளிருது.

ஆனா ஒண்ணு. அங்கன கத்தலாம். கத்துனா தாள் ஒட்ட மாட்டாக. முதல் ஆட்டத்துலயே பதினோராம் நம்பர்க்காரன் பந்தை எவன்ட்டயோ குடுத்துத் தொலைச்சான். வாத்து மாதிரி ஓடுவான், ஆனா கால் கெட்டி. எனக்குப் பொறுக்கலை.

"ஏலே, எவன்ட்டலே குடுக்க? கண்ணு தெரியலையா? நம்ம சட்டை மஞ்சள்லே, மஞ்சள்!"

மைதானமே திரும்பிப் பாத்துச்சு. நானும் வாயப் பொத்திக்கிட்டேன். மூணு நாற்காலி தள்ளி ரீத்தா திரும்பி, ஒரு தடவை தலையாட்டிட்டு ஆட்டத்தைப் பாத்தா. குத்தமா, சரின்னு சொல்லுதாளான்னு தெரியலை. சரின்னு எடுத்துக்கிட்டேன்.

மறுவருசம் சங்கர் எனக்கு அந்த இடத்துக்கே வருசச் சீட்டு எடுத்துக் குடுத்தான். பாதி ஆட்டத்துக்கு மேல நான் இங்கன இருக்க மாட்டேன்னு தெரிஞ்சும் எடுத்தான். அந்த அட்டைய மஞ்சப்பையில பத்திரமா வச்சிருக்கேன். அதுல என் பேரு போட்டிருக்கு. எங்க கிளப் மூணாவது தட்டுல ஆடுது. மேல போற பேச்சே கிடையாது, கீழ விழுந்துறாம நிக்கதே வருசா வருசம் பெரும்பாடு. எனக்கு அது பிடிச்சிருக்கு.

நிலா எதிர்ப்பக்கம் புல்மேட்டுல சிநேகிதப் பிள்ளைகளோட உக்காருவா. என் பக்கத்துல வர மாட்டா.

"ஆச்சி, நீங்க கத்துறது அங்க வரைக்கும் கேக்குது."

"கேக்கணும்னுதாம்ட்டி கத்துதேன்."

"எல்லாரும் அது யாருன்னு கேக்காங்க."

"நீ என்ன சொன்ன?"

அவ காதுல வயரை மாட்டிக்கிட்டா. மூணு வயசுல என் கழுத்தைக் கட்டிக்கிட்டுத் தூங்குன பிள்ளை. இப்பம் என்கூடப் பேசயில தமிழை மனப்பாடம் ஒப்பிக்க மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுதா.

மூணு கோடை ரீத்தாவுக்கும் எனக்கும் அந்தத் தலையாட்டல்தான். வந்ததும் ஒண்ணு, போகயில ஒண்ணு. மத்த நேரம் ரெண்டு ஊசியை வச்சு என்னமோ பின்னிக்கிட்டே ஆட்டம் பாப்பா. பின்னுததைப் பாத்தா ஒரு இழை விட்டுப் போச்சுன்னா எனக்கு இங்கன இருந்தே தெரியும். சொல்லத் தெரியாது.

4

இந்த வருசம் தபசு நாளும் ஆட்டமும் ஒண்ணா வந்துச்சு.

தபசன்னைக்குச் சாமி வந்து அம்மைக்குக் காட்சி குடுக்கயில நம்ம ஊர்ல சூறை விடுவோம். நிலத்துல வெளைஞ்சதை அம்மைக்கு வீசுதது. பருத்தி, மிளகாய் வத்தல், சோளம், பயறு, எது உண்டோ அது. நான் பெறந்த வீடு பனவடலிசத்திரம் பக்கம். கரிசக்காடு. அய்யா பருத்தியும் வத்தலும் மூட்டையில கட்டிக்கிட்டு வருவாக. வாக்கப்பட்டுத் தறி வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு நிலம் இல்லை. இருந்தாலும் கடையில வாங்கியாவது ஒரு கை வீசாம இருந்ததில்லை. தலைக்கு மேல பருத்தி பறக்கும். அடுத்தவன் வீசுன வத்தல் நம்ம தலையில விழும். யாரும் கோவப்பட மாட்டாக. முந்தி ஏந்திப் பிடிக்கவுகளும் உண்டு.

அன்னைக்குக் காலையில டப்பாவுல இருந்து ஒரு கை துவரம்பருப்பும் ஒம்பது வத்தலும் எடுத்து முந்தியில முடிஞ்சேன். ஆட்டம் மூணு மணிக்கு. ஊர்ல ஆறு மணிக்குக் காட்சின்னா இங்கன மூணரை. அந்த நேரத்துக்கு எந்திரிச்சுப் போய் மைதானத்துக்கு வெளிய இருக்க மரத்தடியில சூறை விட்டுட்டு வந்துறணும்னு நினைச்சேன். சாமி சத்தியமா அதுதான் நினைச்சேன்.

மூணரைக்கு எந்திரிச்சேன். முடிச்சை அவுத்தேன். அந்நேரம் பாத்து வாத்து நடைக்காரன் பந்தை வாங்குனான். அஞ்சு ஆட்டமா நம்ம ஆளுக ஒரு கோல் போடலை. அவன் ஒருத்தனை ஒதுக்குனான், இன்னொருத்தனை ஒதுக்குனான். கோல்!

என் கை என்கிட்ட கேக்கலை. "அம்மையே!"ன்னு கத்திக்கிட்டு அள்ளி வீசிட்டேன்.

பருப்பு பாதையில விழுந்துச்சு. வத்தல் தாண்டிப் போய்க் கோட்டுக்கிட்ட விழுந்துச்சு. கோட்டோரமா கொடி பிடிச்சுக்கிட்டு ஓடுத பையன் குனிஞ்சு ஒரு வத்தலை எடுத்தான். ஒடிச்சுப் பாத்தான். மோந்து பாத்தான். கீழ போட்டுட்டு நெத்தி வேர்வையத் தொடைச்சவன் அப்படியே கண்ணையும் தேச்சுட்டான்.

அய்யோன்னு நான் சொல்லுததுக்குள்ள அவன் கொடியக் கீழ போட்டுட்டுக் குதிக்கான். ஆட்டம் நின்னு போச்சு. தண்ணி ஊத்துதாக, பால் ஊத்துதாக. ரெண்டு கட்சிப் பயலுவளும் சுத்தி நிக்கானுவ. மைதானத்துல ஒரு சத்தம் இல்லை. நான் மட்டும் அவுத்த முந்தியோட நிக்கேன். எதிர்மேட்டுல நிலா எந்திரிச்சு, சைக்கிளை எடுத்துக்கிட்டுத் திரும்பிப் பாக்காமப் போறது தெரிஞ்சுச்சு.

ரீத்தா வந்தா. ஆரஞ்சு மேல்சட்டையத் திரும்பவும் மாட்டியிருந்தா. கையைக் காட்டி முன்னால நடந்தா. முதல் நாள் உள்ள கூட்டிட்டு வந்த மாதிரியே வெளிய கொண்டு போய் விட்டா.

5

மூணு நாள் வீட்டுல யாரும் என்கூடச் சரியாப் பேசலை. நாலாம் நாள் கிளப்புல இருந்து கடுதாசி வந்துச்சு. கூடவே நிரப்பி அனுப்ப ஒரு பாரம். சங்கர் சாப்பாட்டு மேசையில கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டுக் கேட்டான்.

"எம்மா, வீசின பொருள் என்னன்னு கேட்டிருக்காங்க."

"துவரம்பருப்பும் வத்தலும்னு எழுது."

"அளவு?"

"ஒரு கை."

"கிராம்ல போடணும்மா."

"அப்பம் என் கையை வந்து நிறுத்துப் பாக்கச் சொல்லு."

"எம்மா!" தலையில கை வச்சுக்கிட்டான். "என்ன காரணத்துக்காக வீசினீங்கன்னு கேட்டிருக்காங்க."

"சந்தோசம்னு எழுது."

அவன் அதையும் அப்படியே தட்டி வச்சான். போலீசுக்குப் போயிட்டா விசாவுக்கு ஆபத்துன்னு அவனுக்குப் பயம். எனக்கு அந்தப் பயம் இல்லை. அந்த இடம் போயிரும்னுதான் பயம். இந்த வருசம் வரவே கூடாதுன்னு சொல்லுத உரிமை அவுகளுக்கு உண்டாம். நாப்பது நாளைக்கு மேல பாக்கி கிடக்கு. அந்த வீட்டுக்குள்ள குளிர்சாதனப் பெட்டியோட எப்படிக் கழிக்க?

புதன்கிழமை கிளப் ஆபீசுக்குக் கூப்பிட்டாக. ஆபீசுன்னா மைதானத்து மூலையில ஒரு மரக் கொட்டகை. மூணு பேரு உக்காந்திருந்தாக. நடுவுல உக்காந்திருந்தது ரீத்தா. காபி விக்க ஒத்தாசைக்கு வாரவன்னுல்லா நான் நினைச்சிருந்தேன்! ஆட்டத்தன்னைக்கு மைதானத்துக்கு மொத்தப் பொறுப்பும் அவதானாம். சம்பளம் இல்லாத வேலை. பக்கத்துல ஒருத்தன் பெயிண்ட் அப்பின உடுப்போட நேரா வேலையில இருந்து வந்திருந்தான்.

அவுக கேக்க, சங்கர் எனக்குச் சொல்ல, நான் சொல்ல, அவன் அவுகளுக்குச் சொல்ல. ஊரைச் சொன்னேன், தபசைச் சொன்னேன், சூறையைச் சொன்னேன். பெயிண்ட்காரன் என்னமோ கேட்டான்.

"இனிமே செய்வீங்களான்னு கேக்காரும்மா. மாட்டேன்னு சொல்லிருதேன்."

"நான் சொல்லுததைச் சொல்லு. அம்மைக்கு வீசுதது தப்பில்லை. அந்தப் பையன் கண்ணுல பட்டது தப்பு. அவன் எங்க இருக்கான்னு சொன்னா நேர்ல போய் மன்னிப்புக் கேக்கேன். மத்தபடி மாட்டேன்னு சத்தியம் பண்ண என்னால ஆகாது. அன்னைக்கும் நான் நினைச்சு வீசலை."

சங்கர் அதை எப்படி மாத்திச் சொன்னானோ தெரியாது. மூணு பேரும் அவுகளுக்குள்ள பேசுனாக. கடைசியில ரீத்தா ஒரு தாளைப் பாத்து வாசிச்சா. சங்கர் சொன்னான்:

"வரலாமாம்மா. ஆனா அடுத்த மூணு ஆட்டத்துக்குப் பொறுப்பான ஒரு ஆள் உங்க பக்கத்து நாற்காலியிலேயே உக்காந்திருக்கணுமாம். இல்லைன்னா உள்ள விட மாட்டாங்களாம்."

சொல்லிட்டுப் போனை எடுத்துத் தேதியப் பாக்க ஆரம்பிச்சான். ஒரு சனிக்கிழமை நிலாவுக்கு நீச்சல். ஒரு சனிக்கிழமை ஆபீஸ் ஆட்களோட எங்கயோ போகணும். இன்னொண்ணுக்குப் பாக்கலாம்னான். கவிதாவுக்குச் சனிக்கிழமையில வேலை. நான் சேலைத் தலைப்பைச் சரி பண்ணிக்கிட்டு எந்திரிச்சேன்.

ரீத்தா ஒரே ஒரு வார்த்தை சொன்னா. சங்கர் போனை வச்சிட்டு நிமிந்து பாத்தான்.

"என்னடா சொல்லுதா?"

"அவங்க உக்காருதாங்களாம்."

6

அப்படித்தான் எனக்குத் தண்டனை கிடைச்சுச்சு. ஆள் பக்கத்துல ஆள் உக்காராத தேசத்துல, என் பக்கத்துல ஒரு ஆள் உக்காந்தே ஆகணும்னு தண்டனை.

முதல் ஆட்டத்துக்குப் போகயில விறைப்பாத்தான் போனேன். ஜெயில்காரி பக்கத்துல உக்காருதது என்ன பெருமையா? ரீத்தா வந்து உக்காந்தா. தோளு தோள்ல பட்டுச்சு. அவளும் நகரலை, நானும் நகரலை. பாதி ஆட்டத்துல பிளாஸ்க்கைத் திறந்து ஒரு மூடி காபி நீட்டுனா. கசப்பு. குடிச்சேன். "கோமதி"ன்னு என் பேரைச் சொன்னா. நல்லா இருக்கான்னு முகத்தால கேட்டா. எனக்கு முதல்ல சுருக்குன்னுச்சு. பேர் சொல்லிக் கூப்பிடுதாளேன்னு. வீட்டுக்கு நடந்து வரயிலதான் தோணுச்சு. ஊர்ல நான் மதினி, சின்னம்மை, தறிவீட்டம்மா, சங்கரம்மா. என்னை இந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவுக எல்லாரும் போயாச்சு. பேரே மறந்து போற அளவுக்கு ஆயிருந்துச்சு.

ரெண்டாவது ஆட்டத்துல மழை. அவ ஒரு பெரிய பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து ரெண்டு பேரு தலைக்கும் மேல பிடிச்சா. அன்னைக்கு நம்ம ஆளுக கோல் போட்டானுவ. நான் துள்ளி எந்திரிச்சேன். அதே வேகத்துல ரீத்தா என் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. கையில ஒண்ணுமில்லைன்னு விரிச்சுக் காட்டுனேன். பாத்தா. விடலை. பந்தை நடுவுல கொண்டு வந்து வச்சு, திரும்பவும் ஆட்டம் தொடங்குத வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருந்தா. ஊசி பிடிச்சுத் தழும்பேறின விரல். எங்க வீட்டு அவுக போன பிறகு என் கையை அத்தனை நேரம் யாரும் பிடிச்சதில்லை.

மூணாவது ஆட்டத்துக்கு நான் முறுக்கு சுட்டுக் கொண்டு போனேன். ஒண்ணு எடுத்தா. கடிச்சா. கடகடன்னு சத்தம் கேக்கவும் சுத்திப் பாத்துட்டுச் சிரிச்சா. பாதி டப்பா காலி. போன்ல ஒரு படம் காட்டுனா. அவ மகன். கடல் தாண்டிப் பக்கத்துத் தேசத்துல இருக்கானாம். ஒரு விரலைக் காட்டி, ஞாயித்துக்கிழமைன்னு சைகை பண்ணுனா. வாரத்துக்கு ஒரு தடவை பேசுவான்னு எடுத்துக்கிட்டேன். நானும் சங்கர் படத்தைக் காட்டி, இதோ இங்கனதான் இருக்கான்னு தரையக் காட்டுனேன். அவ தலையாட்டுனா. அதுக்கு மேல நானும் ஒண்ணும் காட்டலை. அவ பின்னுததுல ஒரு இழை விட்டுப் போயிருந்துச்சு. விரல் வச்சுக் காட்டுனேன். பிரிச்சுத் திரும்பப் பின்னுனா.

மூணு ஆட்டம் முடிஞ்சுச்சு. நாலாவது ஆட்டம், முந்தாநாள். நான் நேரத்தோட போய், ரெண்டு முறுக்கு டப்பா வச்சிருந்தேன். ரீத்தா வந்தா. தலையாட்டுனா. மூணு நாற்காலி தள்ளிப் போய் உக்காந்து ஊசியை எடுத்தா.

டப்பாவைத் திறக்காமத் திருப்பிக் கொண்டு வந்தேன். நிலாட்ட கேட்டேன், அவளுக்கு என் மேல எதுவும் வருத்தமான்னு. நிலா வயரைக் கழத்திட்டுப் பொறுமையாச் சொன்னா:

"ஆச்சி, அது வருத்தம் இல்ல. தண்டனை முடிஞ்சிருச்சு. உங்களை நம்புறாங்க. அதான் தள்ளி உக்காந்தாங்க. மரியாதை."

அந்த மரியாதை எனக்கு வேண்டாம்னு அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்ல? பக்கத்துல வந்து உக்காருன்னு நானா போய்க் கேக்கவும் மாட்டேன். ஆறு தறிய ஆண்டவ நான். ஒருத்தர்ட்டயும் இதுவரைக்கும் அப்படிக் கேட்டதில்லை.

எழுத ஆரம்பிக்கையில மண்டைக்குள்ள ஓடுதுன்னு சொன்னது இதுதான். சமையல்கட்டுல துவரம்பருப்பு டப்பா இருக்கு.

7

போனேன். எண்பத்தேழாவது நாள். ஒரு கை பருப்பை முந்தியில முடிஞ்சுக்கிட்டு, முடிச்சை எல்லாருக்கும் தெரியும்படி மடியில எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தேன். வத்தல் எடுக்கலை. அந்தக் கொடிப் பையன் திரும்பவும் வந்தா பாவம்லா.

ரீத்தா மூணு நாற்காலி தள்ளி இருந்தா. நான் திரும்பலை. நேரா மைதானத்தையே பாத்துக்கிட்டு முடிச்சை மட்டும் உருட்டிக்கிட்டு இருந்தேன். பத்து நிமிசம் இருக்கும். ஊசி சத்தம் நின்னுச்சு. எந்திரிச்சு வந்து என் முன்னால நின்னா. உள்ளங்கைய நீட்டுனா.

நான் முகத்தை நிமித்திப் பாத்தேன். அவ முகத்துல கோவமும் இல்லை, சிரிப்பும் இல்லை. முடிச்சை அவுத்து, ஒரு பருப்பு சிந்தாம அவ கையில போட்டேன். எண்ணுத மாதிரி கொஞ்ச நேரம் பாத்தா. கோட்டுப் பையில போட்டுக்கிட்டா. அப்புறம் தன் பையையும் பிளாஸ்க்கையும் எடுத்துக்கிட்டு வந்து என் பக்கத்து நாற்காலியில உக்காந்தா.

அன்னைக்கு நம்ம ஆளுக கோல் போடலை. தோத்துட்டானுவ. கடைசி வரைக்கும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிக்க வேலையே வரலை. கிளம்பயில நான் ரெண்டு கையையும் விரிச்சு, பிளேன் மாதிரிக் காட்டுனேன். மூணு விரலைக் காட்டுனேன், மூணு நாள்னு. அவ தலையாட்டுனா. என் வருசச் சீட்டை வாங்கி, அதுல இருக்க நாற்காலி நம்பரைப் பாத்துட்டு, திருப்பிக் குடுத்தா.

8

இதுக்கு மேல சங்கரன்கோவில்ல இருந்து எழுதுதேன். வந்து ஒன்றரை மாசம் ஆச்சு. தறியை வாடகைக்கு விட்டிருக்கேன். காலை ஆறு மணிக்குத் தொடங்கிருதானுவ. இங்கன சத்தத்துக்குக் குறைச்சல் இல்லை. சாயந்தரம் பேச்சியம்மா மதினி வருவாக, காபி குடிச்சிட்டு, மருமகளைக் குறை சொல்லிட்டுப் போவாக. அப்புறம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு தட்டு வச்சாப் போதும்.

கிளப் ஆட்டத்தைப் போன்ல காட்டுவாகன்னு நிலாதான் கண்டுபிடிச்சு அனுப்பி வச்சா. "ஆச்சி, இதைத் தொடுங்க"ன்னு குரல்ல பேசி அனுப்பியிருந்தா. நிறுத்தி நிறுத்தித்தான் பேசியிருந்தா. நாலு தடவை போட்டுக் கேட்டேன்.

நேத்து கடைசி ஆட்டம். நான் முதல் தடவையா முடிவைப் பாக்கேன். தோத்தா கீழ்த்தட்டுக்குப் போயிருவோம். சமமா முடிஞ்சாலும் போதும், தப்பிச்சிருவோம். போனைச் செம்புல சாச்சு வச்சுக்கிட்டு உக்காந்தேன். ஒரு கோல் பின்னால இருந்தோம். மதினியும் வந்து பக்கத்துல உக்காந்துக்கிட்டாக.

"இதுல எவன்ட்டி நம்மாளு?"

"மஞ்சச் சட்டை."

"எல்லாம் எறும்பு மாதிரில்லா இருக்கானுவ."

கடைசி நேரத்துல வாத்து நடைக்காரன் போட்டான். தலையால முட்டிப் போட்டான். நான் எந்திரிச்சுக் கத்துன கத்துல மதினி காபியச் சிந்திட்டாக. தறிச் சத்தத்துல தெருவுல ஒருத்தருக்கும் கேக்கலை.

அந்நேரம் கேமரா ஒரு தடவை ஆட்கள் பக்கம் திரும்புச்சு. நாலு வரிசை, குளிருக்குத் தொப்பியும் கோட்டுமா நிக்காக. முதல் வரிசையில என் நாற்காலி காலியா இருந்துச்சு. அதுக்குப் பக்கத்து நாற்காலிக்கு முன்னால வெள்ளை முடி. எல்லாரும் ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நின்னாக. ரீத்தா ஒரு கையைத்தான் தூக்கியிருந்தா. மத்த கையை, அன்னைக்குப் பருப்பைப் போட்டுக்கிட்ட கோட்டுப் பையை விட்டு எடுக்கவே இல்லை.